முடிச்சை அவிழ்க்கும் இரவு

மகா சிவராத்திரியன்று இரண்டாங்கால அபிஷேகம் நிறைவுற்றுத் தீபாராதனையும் ஆகிவிட்டால், மூன்றாங்கால பூஜை தொடங்கும்வரை ஓர் இடைவெளி உண்டு. பெரியவர்கள் தூணில் சாய்ந்தபடி பஞ்சாட்சரம் ஜபித்து அந்த நேரத்தைக் கழித்துவிடுவார்கள். குழந்தைகளுக்குத்தான் அது கடினமான வேளை. மாலையில் பிராகாரம் முழுவதும் ஓடியாடிய உற்சாகம் அடங்கியிருக்கும், கல்தரையின் குளிர்ச்சி உடம்பில் ஏறும், கண் சொருகும், "வீட்டுக்குப் போகலாம்" என்ற சிணுங்கல் மெல்லத் தொடங்கும். முன்காலத்தில் அந்தச் சிணுங்கலுக்கு மருந்தாக இருந்தது விடுகதை.

காவிரிக்கரைச் சிவாலயம் ஒன்றின் நந்தி மண்டபத்தில் அப்படி ஓர் இரவு. எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர். அவருக்கு இருபுறமும் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேரனும் பேத்தியும். பேரனுக்கு எட்டு வயது, பேத்திக்குப் பதினொன்று. பேரன் தமிழ் பேசுவான். சொல் அகப்படாதபோது ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். அவன் தாவிய இடத்துக்குப் பாட்டியால் போக முடியாது. வாரந்தோறும் தொலைபேசியில் நடக்கும் பேச்சும் "சாப்பிட்டியா, பள்ளிக்கூடம் போனியா" என்ற இரண்டு கேள்விகளோடு தீர்ந்துபோகும். மூன்று நாள் விடுமுறைக்கு வந்தவன், இரண்டு நாட்களைச் செல்பேசியோடு கழித்துவிட்டான். அன்று இரவு பத்தரை மணிக்கு அதில் சார்ஜ் தீர்ந்தது.

"பாட்டி, போர் அடிக்குது" என்றான்.

பாட்டி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூணடியில் எரிந்துகொண்டிருந்த அகல்விளக்கை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சின்னக் குளம். அதிலே ஒரு வெள்ளைப் பாம்பு படுத்திருக்கு. குளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்குது. அதன் தலையிலே மாணிக்கம் மின்னுது. குளம் வத்தினா மாணிக்கமும் போயிடும். அது என்ன?" என்றார்.

பேரன் தன் பாடப்புத்தகத்தில் படித்த பாம்புகளின் பெயர்களை எல்லாம் சொல்லிப் பார்த்தான். பாட்டி தலையை மட்டும் அசைத்தார். சற்று நேரம் சும்மா இருந்த பேத்தி, திடீரென்று விளக்கைச் சுட்டிக் கையை நீட்டினாள். பேரன் எழுந்துபோய் அகலுக்கு முன் குனிந்து, எண்ணெயில் கிடந்த திரியை வெகுநேரம் பார்த்தான். அவன் வீட்டுப் பூஜையறையிலும் விளக்கு எரிகிறது. திரி எண்ணெயைக் குடிக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தான்.

விடுகதைக்குத் தமிழிலக்கணம் வைத்த பெயர் 'பிசி'. தொல்காப்பியம் செய்யுளியலில் யாப்பின் வகைகளை ஏழாக எண்ணுமிடத்தில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று வரிசை அமைகிறது. வாய்மொழி என்பது மந்திரம். முதுசொல் என்பது பழமொழி. மந்திரத்துக்கும் பழமொழிக்கும் இடையே விடுகதைக்கு ஆசனம் போட்டு வைத்திருக்கிறார் தொல்காப்பியர். ஒன்றை வேறொன்றாக உவமித்துச் சொல்வது ஒரு வகை; வெளியே தெரியும் அடையாளத்தைச் சொல்லி, உள்ளே இருப்பதைத் துணியவைப்பது மற்றொரு வகை. பாட்டி சொன்ன விளக்கு முதல் வகை.

வேதத்திலும் இதற்கு இடமுண்டு. ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில் 164ஆம் சூக்தம், தீர்க்கதமஸ் என்னும் ரிஷி கண்டது. 52 மந்திரங்கள் கொண்டது. அதன் பெரும்பகுதி புதிர்தான். பன்னிரண்டு பிரிவும் முந்நூற்றறுபது முளையும் கொண்ட ஒரு சக்கரத்தைப் பற்றி அந்த ரிஷி கேட்கிறார். விடை, ஆண்டு. அசுவமேத யாகத்திலும் ரித்விக்குகள் ஒருவரையொருவர் புதிர் கேட்டு விடை சொல்லும் கட்டம் உண்டு. தனியே நடப்பவன் யார், மீண்டும் மீண்டும் பிறப்பவன் யார் என்பன போன்ற வினாக்கள் அவை. தனியே நடப்பவன் சூரியன்; மீண்டும் பிறப்பவன் சந்திரன். வேள்வித் தீயைச் சுற்றிப் பெரியோர் கேட்டுக்கொண்டதையே, எளிய வடிவில், விளக்கைச் சுற்றிப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் கேட்டு வந்திருக்கிறார்கள்.

அந்த மண்டபத்தில் இரண்டாவது விடுகதை தேங்காயைப் பற்றியது. மரத்தின் உச்சியில் குடியிருக்கும், பறவை அல்ல; மூன்று கண் உண்டு, சிவபெருமான் அல்ல; நார்மடி உடுத்தியிருக்கும், முனிவர் அல்ல; உள்ளே நீர் உண்டு, குடமும் அல்ல, மேகமும் அல்ல என்று பொருள்படும் பழைய புதிர் ஒன்று வடமொழியில் வழங்குகிறது. அதைப் பாட்டி தம் சொந்தச் சொல்லில் சொன்னார். மூன்று கண் என்றதுமே பேரன் "சிவன்!" என்று கத்த, சிவன் இல்லையென்று அதிலேயே சொல்லியிருக்கிறதே என்று அக்காள் அவனை மடக்கினாள். அர்ச்சனைத் தட்டில் இருந்த தேங்காயை அவனே கண்டுபிடித்தான்.

மூன்றாவதில்தான் சிக்கல் வந்தது. "தாய் இருந்த இடத்திலேயே இருக்கா. பிள்ளை அவ மடியிலே சுத்திச் சுத்தி வருது. பிள்ளை நின்னா வீட்டிலே பலகாரம் இல்லை. அது என்ன?" என்றார் பாட்டி. ஆட்டுக்கல்லைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். பேரன் கொஞ்சமும் தயங்காமல் "வாஷிங் மெஷின்!" என்றான். பலகாரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அக்காள் கேட்டதற்கு, துணி துவைத்து முடிந்தால்தானே அம்மா சமையலறைக்குப் போவார் என்று விளக்கமும் கொடுத்தான்.

இப்படி ஓர் இடத்தில் பல பெரியவர்கள் வழுக்கிவிடுவார்கள். "தப்பு" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, "ஆட்டுக்கல்கூடத் தெரியாத பிள்ளை" என்று ஒரு குத்தலும் சேர்ப்பார்கள். விடுகதை அப்போதே பரீட்சையாகிவிடும். பரீட்சைக்கு எந்தக் குழந்தையும் இரண்டாம் முறை விரும்பி வருவதில்லை. ஆட்டுக்கல்லைக் கண்ணால் பார்த்திராதது அந்தப் பிள்ளையின் குற்றமும் அன்று. உரல், திரிகை, குந்தாணி, மரக்கால் என்று எத்தனையோ விடுகதைகளின் விடைகள் வீட்டைவிட்டுப் போய்விட்டன. கேள்விகள் மட்டும் பாட்டிமார் நாவில் தங்கியிருக்கின்றன.

அந்தப் பாட்டி, வாஷிங் மெஷினும் சரிதான் என்று முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு ஆட்டுக்கல்லை விரலால் தரையில் வரைந்து காட்டினார். நடுவில் குழி, குழியில் நிற்கும் கல்லுக்குக் 'குழவி' என்று பெயர். பச்சைக் குழந்தைக்கும் தமிழில் குழவி என்றுதான் பெயர். ஒரே சொல் இரண்டு பொருளுக்கும் நிற்பதால்தான் அங்கே தாயும் பிள்ளையும் வந்தார்கள் என்றபோது, பேத்தி அந்தச் சொல்லை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு சொல்லில் இரு பொருள் காணும் இந்தச் சுவையைத்தான் காளமேகப் புலவர் சிலேடை வெண்பாக்களில் வாரி இறைத்தார். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் ஒப்பவைத்தவர் அவர். திருவானைக்காவில் அம்பிகையின் தாம்பூல பிரசாதத்தால் அவர் கவிபாடும் ஆற்றல் பெற்றார் என்பது ஐதிகம்.

பின்னர்ப் பாட்டி ஒன்று சொன்னார். "கயிறு இல்லை, கட்டுத்தறி இல்லை, ஆனா ஓடிப்போகாது. கதவு திறந்திருந்தாலும் உள்ளே நுழையாது. வீட்டுக்காரரை விட்டுக் கண்ணை எடுக்காது. இன்னிக்கு ராத்திரி நம்ம எல்லாரையும்விட நல்லாக் கண் விழிக்கிறது அதுதான்."

"செக்யூரிட்டி அங்கிள்!" என்றான் பேரன். வாயிலில் காவலர் நாற்காலியிலேயே உறங்கிக்கொண்டிருந்தார். மூவரும் சிரித்தனர்.

அந்த விடையைப் பாட்டி சொல்லவில்லை. பேரன் கெஞ்சினான், கோபித்தான், "நீங்களே சொல்லிடுங்க பாட்டி" என்று மடியில் விழுந்தான். "விடியறதுக்குள்ளே நீயே சொல்லுவே" என்றார் பாட்டி. விடுகதைப் புத்தகங்களில் கேள்விக்குக் கீழேயே விடையை அச்சிட்டுவிடுகிறார்கள். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் கண் விடைக்குப் போய்விடுகிறது. பிறகு அதில் என்ன இருக்கிறது? முடிச்சைப் போட்டவர் அதை அவிழ்க்க அவசரப்படாமல் இருப்பது பாதி விளையாட்டு. மீதிப் பாதிதான் கேட்பவருடையது.

மூன்றாங்காலம் நெருங்கியது. அவசரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால், யட்சப் பிரச்னத்தின் கதையைப் பாட்டி தொடங்கினார்.

வனவாசத்தின் இறுதிக்காலம். துவைதவனத்தில் ஓர் அந்தணரின் அரணிக்கட்டைகள் மான் ஒன்றின் கொம்பில் சிக்கிக்கொள்ள, மான் அவற்றோடு ஓடிவிட்டது. அதைத் துரத்திக் களைத்த பாண்டவர்களுக்குத் தாகம். தண்ணீர் தேடிப் போன நகுலன் ஒரு பொய்கையைக் கண்டான். "என் கேள்விக்கு விடை சொன்ன பிறகு குடி" என்று ஒரு குரல் தடுத்தது. அவன் தாகத்தில் அதைப் பொருட்படுத்தாமல் குடித்தான், விழுந்தான். அடுத்துச் சகதேவன், பிறகு அர்ஜுனன், பிறகு பீமன். நால்வரும் ஒருவர் பின் ஒருவராக அதே கரையில் சாய்ந்தனர்.

"நாலு பேருக்கும் ஆன்ஸர் தெரியாதா?" என்றான் பேரன்.

தெரியுமோ தெரியாதோ, அவர்கள் கேள்வியைக் கேட்கவே நிற்கவில்லை என்றார் பாட்டி. சகதேவன் சாத்திரம் அறிந்தவன்; அர்ஜுனன் இந்திரலோகம் சென்று மீண்டவன். அறிவுக்குக் குறைவில்லை. ஒரு கேள்விக்காகத் தாகத்தை அடக்கிச் சற்று நிற்கும் பொறுமைதான் அந்த நேரத்தில் இல்லாமற்போயிற்று. தருமபுத்திரர் வந்தார். தம்பியர் நால்வரும் கிடக்கும் காட்சியைக் கண்டு கலங்கினார், அவருக்கும் தாகம்தான். ஆயினும் நின்றார். கேள்விகள் வந்தன. உறங்கும்போதும் கண் மூடாதது எது? மீன். பிறந்தும் அசையாதது எது? முட்டை. காற்றினும் விரைந்தது எது? மனம். பூமியினும் கனமானது எது? தாய்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, ஒவ்வொரு கேள்வியையும் குழந்தைகளிடமே கேட்டார் பாட்டி. மீனைப் பேத்தி சொன்னாள். காற்றினும் விரைந்ததற்குப் பேரன் "ராக்கெட்" என்றான். "ராக்கெட் பெங்களூர் போக எவ்வளவு நேரம் ஆகும்? நீ இங்கேயே உட்கார்ந்து உன் வீட்டை இப்போ நினைச்சுப் பாரு. போயிட்டியா?" என்றார். அவன் கண்ணை மூடித் திறந்து, "போயிட்டேன்" என்றான்.

கேள்விகள் முடிந்தபின் யட்சன், "தம்பியரில் ஒருவனை எழுப்புகிறேன், யாரை எழுப்ப?" என்று வினவினான். தருமபுத்திரர் நகுலனைக் கேட்டார்.

"பீமனைக் கேட்டிருக்கலாமே. அவன்தானே ஸ்ட்ராங்?" என்றான் பேரன்.

யட்சனும் அதையேதான் கேட்டான். பீமனும் அர்ஜுனனும் இல்லாமல் வருங்காலப் போரை எப்படி வெல்வாய் என்றான். தம் தாய் குந்திக்குத் தாம் ஒரு மகன் உயிரோடு இருப்பதுபோல, இளைய தாய் மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்கவேண்டும் என்றார் தருமபுத்திரர். யட்சனாக வந்த தருமதேவதை மகிழ்ந்து நால்வரையுமே எழுப்பியது. பேரன் ஒன்றும் பேசவில்லை. பேத்திதான், "மாத்ரி அப்போ உயிரோட இருந்தாளா பாட்டி?" என்று கேட்டாள். இல்லை; பாண்டுவோடு என்றோ உடன்கட்டை ஏறியவள். கேட்பதற்கு யாருமில்லாத தாய்க்காகக் கேட்டார் என்று பாட்டி சொன்னபோது லிங்கோத்பவ காலத்துக்கு மணி அடித்தது. மூவரும் எழுந்து சந்நிதிக்குச் சென்றனர்.

தரிசனம் முடிந்து திரும்பியபோது தாத்தாவும் பிரதட்சிணத்தை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய சரக்கு வேறு. உதடு ஒட்டாமல் பேசவேண்டும் என்றார். ப, ம, வ மூன்றும் வரக்கூடாது. வந்தால் ஆட்டம் போயிற்று.

நிரோட்டகம் என்று இதற்குப் பெயர். புலவர்கள் இன்னும் கடுமையாக, உதடு குவியும் உகர ஒகரங்களையும் விலக்கிப் பாடுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவப்பிரகாச சுவாமிகள், செந்திலாண்டவன்மீது அந்தாதி ஒன்றை முழுவதும் இவ்வாறே பாடினார். 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' என்பது அதன் பெயர். நிரோட்டகத்தோடு யமகமும் அந்தாதியும் சேர்ந்தால் அது எத்தகைய கடும்பிணிப்பு என்பதைப் பாடிப் பார்த்தவர்களே அறிவார்கள். திருக்குறளில் துறவு அதிகாரத்தின் முதற்குறளும், 341ஆவது, உதடு ஒட்டாமல் அமைந்தது என்பர். பற்று ஒட்டக்கூடாது என்று சொல்லவந்த குறளில் உதடும் ஒட்டவில்லை.

"காலையிலே என்ன சாப்பிட்டே?" என்று தாத்தா பேரனைக் கேட்டார். அவன் "இட்லி, சாம்..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு யோசித்து, "இட்லி, சட்னி" என்றான். கடவுள் பெயர்களில் எவை தேறும் என்று பார்த்தார்கள். சிவனும் முருகனும் பெருமாளும் அம்பாளும் தேறவில்லை. கந்தன், கண்ணன், நாராயணன், ஈசன், சங்கரன் தேறினார்கள். உறவுகளில் அம்மா, அப்பா, மாமா, பாட்டி யாரையும் கூப்பிட முடியவில்லை. அக்கா, அண்ணா, தாத்தா என்று கூப்பிடலாம். தாத்தா பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார். "என்னைக் கூப்பிடணும்னா உதடு சேரணும். முத்தம் கொடுக்கிறவங்களுக்குத்தான் அது வரும்" என்றார் பாட்டி. பேரன் உடனே கொடுத்தான்.

அடுத்தது மாலைமாற்று. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது. விகடகவி, குடகு, தேரு வருதே, மோரு போருமோ என்று தாத்தா விரல்விட்டு எழுத்தெண்ணிக் காட்டினார். சீகாழியில் ஞானசம்பந்தப் பிள்ளையார் இவ்வாறு ஒரு பதிகமே அருளியிருக்கிறார். மூன்றாம் திருமுறையில் 117ஆம் பதிகம், பதினொரு பாடல்கள், ஒவ்வொரு பாடலும் முழுவதுமாகத் திருப்பிப் படித்தால் அதே பாடல். ஒரு சொல்லைத் திருப்புவதற்கே விரல்விட்டு எண்ணவேண்டியிருக்கிற நமக்கு, இரண்டடிப் பாட்டை முழுதும் திருப்பியும் பொருள் சிதையாமல் நிறுத்தியது எளிதில் விளங்காது. முதல் திருமுறையில் அதே 117ஆம் எண்ணில் அவர் பாடிய 'மொழிமாற்று' இன்னொரு விளையாட்டு. அடியில் சொற்கள் இடம்மாறிக் கிடக்கும். எது எதோடு சேரும் என்று படிப்பவர் கண்டு பொருத்திக்கொள்ளவேண்டும். பள்ளி வினாத்தாளில் வரும் 'பொருத்துக' பகுதிதான் அது என்று தாத்தா சொன்னதும், பேத்திக்குச் சம்பந்தப் பிள்ளையார்மேல் ஒரு நெருக்கம் உண்டாகிவிட்டது.

சீகாழியின் பன்னிரு திருப்பெயர்களை ஒரே மூச்சில் சொல்லும் ஆட்டம் சற்று நேரம் நடந்தது. பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, சீகாழி, கொச்சைவயம், கழுமலம். பேரன் 'கொச்சைவயம்' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரித்துத் தோற்றான். திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதன்மீது பாடிய திருவெழுகூற்றிருக்கையின் வழியில் எண் ஏறி இறங்கும் ஆட்டமும் நடந்தது. ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படி ஏழுவரை ஏறி இறங்கவேண்டும். எழுதிப் பார்த்தால் தேர்போல அடுக்கடுக்காக விரியும். மூன்று என்றால் முக்கண், நான்கு என்றால் வேதம், ஐந்து என்றால் எழுத்து, ஆறு என்றால் முகம், ஏழு என்றால் ஸ்வரம் என்று வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்குப் போதும்.

பெயர்களை வைத்து அந்தாதியும் ஆடினார்கள். ஒருவர் சொன்ன பெயரின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்கவேண்டும். குறிலுக்கு நெடில் வரலாம். மீனாட்சி என்று பாட்டி தொடங்க, சிவகாமி என்று பேத்தி தொடர்ந்தாள். அடுத்துப் பேரனுக்கு 'மீனாட்சி'தான் கிடைத்தது. முடிவு தொடக்கத்தோடு வந்து சேர்வதை 'மண்டலித்தல்' என்பார்கள் என்று தாத்தா அதற்கும் ஒரு பெயர் சொன்னார். திருக்கடவூரில் அபிராமி பட்டர் அந்தாதி பாடியபோது கீழே தீ எரிந்தது. நூறு கயிறுகளில் தொங்கிய உறியில் அவர் அமர்ந்திருக்க, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கயிறு அறுபட்டது. 79ஆம் பாடலில் அம்பிகை தன் தாடங்கத்தை வானில் வீசி அமாவாசையில் நிலவைக் காட்டினாள் என்பது வரலாறு. விளையாட்டாய் நாம் தொடுக்கும் சொற்சங்கிலியில் ஒருவர் உயிரே தொங்கியது என்று கேட்ட பேரன், "கடைசிக் கயிறு என்ன ஆச்சு?" என்றான். நிலவு வந்தபிறகும் பட்டர் நிறுத்தாமல் நூறையும் பாடி முடித்தார் என்றார் தாத்தா.

சொல்விளையாட்டில் வெல்வது எப்படி என்று எல்லோரும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். தோற்றவரை என்ன செய்வது என்பது அதைவிடக் கடினமான பாடம். திருவண்ணாமலையில் அருணகிரிநாதரோடு வாதுக்கு வந்த வில்லிபுத்தூரார், தம்மிடம் தோற்கும் புலவர்களின் காதைத் துறட்டியால் அறுத்துவிடும் வழக்கமுடையவர் என்று கதை. அன்று ஒருவர் காதில் மற்றவர் துறட்டி. அருணகிரிநாதர் கந்தர் அந்தாதியின் 54ஆம் பாடலைத் தகர வருக்க எழுத்துகளை மட்டுமே கொண்டு பாடினார். வில்லியாரால் பொருள் சொல்ல இயலவில்லை. அருணகிரிநாதரே பொருளைச் சொன்னார். ஆனால் துறட்டியை இழுக்கவில்லை. இனி யார் காதையும் அறுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விட்டுவிட்டார். கருணைக்கு அருணகிரி என்ற வழக்கு அதனால் எழுந்தது என்பர்.

ஔவையார் தோற்ற கதை எல்லோரும் அறிந்தது. நாவல்மரத்தின் மேலிருந்த சிறுவன் சுட்ட பழமா, சுடாத பழமா என்று கேட்டான். பழத்தை ஊதியபோதுதான் ஔவைக்குக் கேள்வியின் பொருள் தெரிந்தது. குழந்தைகள் இந்தக் கதையை அத்தனை முறை கேட்பதற்குக் காரணம் பழம் அன்று. உலகம் அறிந்த பெரிய பாட்டி ஒருவர் மாடு மேய்க்கும் பையனிடம் தோற்றது. அந்தத் தோல்வியில் ஔவைக்கு வருத்தம் இருந்ததாக யாரும் சொல்வதில்லை. சுவாமிமலையில் தந்தையே மகனுக்கு முன் சீடராய் அமர்ந்தார் என்று சொல்லும் சமயம் இது. பேரக்குழந்தையிடம் மனமுவந்து தோற்பதில் பெரியவர்களுக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது. ஆனால் தோற்பதுபோல் நடிப்பதைக் குழந்தை கண்டுபிடித்துவிடும், மெய்யாகவே தோற்கவேண்டும்.

அதற்கும் அந்த இரவில் வாய்ப்பு வந்தது. மணி நாலு இருக்கும். தாத்தா கண்ணயர்ந்துவிட்டார். பேரன் மடியில் படுத்தபடி, தானே ஒன்று போடுவதாகச் சொன்னான். சொல் தேடித் தேடி, ஆங்கிலம் இல்லாமல், மெதுவாகச் சொன்னான்: "வயிறு காலியானா தூங்கிடும். சுவத்திலே வாய் வச்சுப் பால் குடிக்கும். குடிச்சா முழிச்சுக்கும். அது என்ன?"

பாட்டி யோசித்தார். "பல்லி" என்றார், இல்லை. "பூனை" என்றார், பூனை எங்கே சுவரில் பால் குடிக்கும் என்று பேத்தி கேட்டாள். கைக்குழந்தையோ என்றார், அதுவும் இல்லை. எவ்வளவு நேரம் ஆகியும் பாட்டிக்குப் பிடிபடவில்லை. "தோத்துட்டேன்டா கண்ணா, நீயே சொல்லு" என்றார். அவன் சட்டைப் பையிலிருந்து சார்ஜ் தீர்ந்த செல்பேசியை எடுத்துக் காட்டிவிட்டு, மண்டபம் எதிரொலிக்கச் சிரித்தான். தாத்தா திடுக்கிட்டு விழித்தார். பாட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சிவராத்திரிக் கதையின் வேடன், புலிக்கு அஞ்சி மரத்தில் ஏறியவன், உறங்கி விழுந்துவிடாமலிருக்க இலையை ஒவ்வொன்றாய்க் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அது வில்வம் என்பதும் கீழே லிங்கம் இருப்பதும் அவனுக்குத் தெரியாது. நாலு பேரும் எழுந்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, நான்காங்கால அபிஷேகத்துக்குச் சந்நிதியை நோக்கி நடந்தனர். கூட்டத்தில் பேரனுக்கு எதுவும் தெரியவில்லை. தாத்தா அவனைத் தூக்கி நந்தியின் பின்னால் நிறுத்தி, இரண்டு கொம்புகளுக்கு நடுவே பார்க்கச் சொன்னார். அவன் குனிந்து பார்த்தான். தீபாராதனை வெளிச்சத்தில் லிங்கம் தெரிந்தது. சற்றுநேரம் அசையாமல் நின்றவன், கையைத் தன் முன்னாலிருந்த கல்முதுகின்மேல் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பினான்.

"பாட்டி! கயிறு இல்லை, கட்டுத்தறி இல்லை..."